ஃபார்மலின் நெடி இல்லாத பாடம்

அனாட்டமி துறையில் 31 வருடம் டெக்னீஷியனாக இருந்தவன் நான். ஒரு மேசையைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் நிற்பார்கள். பின்வரிசைக்காரனுக்கு முன்னால் நிற்பவன் முதுகுதான் தெரியும்!

2020 மார்ச்சில் கொரோனாவால் கல்லூரிகளை மூடியதும், எம்.பி.பி.எஸ். முதல் வருடம் படித்த பேத்தி வீட்டுக்கு வந்தாள். கையும் காலும் மேசையில் பார்த்தாயிற்று. தலையும் கழுத்தும் பாக்கி. பகலில் ஜூம் வகுப்பு, புரியாததற்கு யூடியூப். ராத்திரி 'அங்கி' என்றொரு செயலி. நாம் உடுத்தும் அங்கி அல்ல, ஜப்பானிய மொழியில் மனப்பாடம் என்று பொருளாம். மறக்கப்போகிற சமயம் பார்த்து அதே கேள்வியை மறுபடி கேட்கிறது.

ஒருநாள் உடலின் குறுக்குவெட்டுப் படங்களைக் காட்டினாள். அந்தக் கதை எனக்குத் தெரியும். 1993-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் மரண தண்டனைக்கு ஆளான ஒருவர் தானம் செய்த உடல். அதை உறையவைத்து, ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சீவிச் சீவி 1,871 படங்கள் எடுத்தார்கள். 1994-ல் அந்நாட்டு தேசிய மருத்துவ நூலகம் வெளியிட்டது. இதில் யார் முதுகும் மறைக்காது. எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் பாடப் படங்களில் தமனி சிவப்பு, சிரை நீலம், நரம்பு மஞ்சள். மேசையில் எல்லாமே ஒரே பழுப்பு. கழுத்தில் மூன்றும் ஒரே உறைக்குள் வேறு.

"விரலுக்கு எப்படித் தாத்தா தெரியும்?" என்றாள்.

பழைய காலுறை ஒன்றில் சைக்கிள் வால்வு ட்யூப், காற்றில்லாத பலூன், முறுக்கிய நூல் மூன்றையும் போட்டேன். கண்ணை மூடித் துழாவச் சொன்னேன். மூன்றாவது தடவையில் நரம்பைப் பிடித்துவிட்டாள்.