மூலை சேர்க்காத பெட்டி

பெட்டி செய்வதில் கஷ்டம் முழுக்க மூலையில்தான். நான்கு பலகையை அளவாக அறுக்க ஓரளவு கைப்பழக்கம் போதும். அவை சந்திக்கிற இடத்தில்தான் ஆசாரியின் கை தெரியும். ஒன்றில் துளை, மற்றதில் கழுந்து. அல்லது கைவிரல்களைக் கோத்ததுபோலப் பல் பல்லாக வெட்டிப் பிணைக்க வேண்டும். ஒரு நூல் பிசகினால் பெட்டி கோணிக்கொள்ளும், இடைவெளி பல்லிளிக்கும். இரண்டு ஆணி அடித்தால் தீர்ந்தது என்பவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அவர்கள் செய்த பெட்டிகளை இன்று தேடினால் கிடைக்காது.

இந்த மூலைத் தொல்லையே வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் பிறந்த பெட்டி ஒன்று இருக்கிறது. பேண்ட் சா பாக்ஸ் என்பார்கள். உள்ளங்கையில் அடங்கும் அளவிலிருந்து மேசைமேல் வைக்கும் அளவு வரை செய்கிறார்கள். வெளியே பார்த்தால் ஆற்றில் உருண்ட கூழாங்கல்லைப் போல வழவழப்பாக இருக்கும். முகப்பில் ஒரு குட்டி இழுப்பறை. அதன் முகத்தில் ஓடும் மர ரேகை சுற்றியுள்ள மரத்தின் ரேகையோடு அப்படியே தொடரும். தொடராமல் என்ன செய்யும்? இரண்டும் ஒரே கட்டை. கட்டையை அறுத்து உள்ளிருப்பதை வெளியே எடுத்து, அதைக் குடைந்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்திருக்கிறார்கள்.

இதன் கதையைப் பெட்டியிலிருந்து தொடங்க முடியாது, ரம்பத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

மர அறுப்பு மில் பக்கம் போனவர்களுக்கு பேண்ட் சாவைத் தெரியும். மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் பல் வைத்த எஃகுப் பட்டை. கைரம்பம் முன்னும் பின்னும் போய்வரும்போது பாதி நேரம் வீணாகப் போகிறது. இந்தப் பட்டைக்கோ திரும்பி வரும் வேலையே இல்லை, ஒரே திசையில் அறுத்துக்கொண்டே இருக்கும். யோசனை எளிது, பழையதும்கூட. 1800களின் முதல் பத்தாண்டிலேயே வில்லியம் நியூபெரி என்பவர் இங்கிலாந்தில் இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் எல்ஸ்வொர்த் ஊர்க்காரர் பெஞ்சமின் பார்க்கர் 1836இல் வாங்கினார். காப்புரிமைகள் இருந்தன, ஓடுகிற ரம்பம் இல்லை.

காரணம் ஒரு ஒட்டு. நீளமான எஃகுப் பட்டையின் இரண்டு முனைகளையும் சேர்த்தால்தான் அது வளையமாகும். சேர்த்த வளையம் சக்கரத்தில் ஏறும்போது வளைகிறது, இறங்கும்போது நிமிர்கிறது, அடுத்த சக்கரத்தில் மறுபடி வளைகிறது. கம்பியை முன்னும் பின்னும் வளைத்து வளைத்து ஒடிப்போமே, அதே சங்கதிதான். இன்று சிறு பட்டறைகளில் இருக்கும் 14 அங்குலச் சக்கர இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதன் பிளேடு சுமார் 2.4 மீட்டர் நீளம், ஓடும் வேகம் நிமிடத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர். அப்படியானால் ஒட்டுப் போட்ட இடம் நிமிடத்துக்கு 370 தடவைக்கு மேல் சுற்றி வருகிறது, 740 தடவைக்கு மேல் வளைந்து நிமிர்கிறது. நியூபெரி காலத்து எஃகும் ஒட்டும் இதற்கு ஈடுகொடுக்கவில்லை. பட்டை அறுந்தது, இல்லாவிட்டால் ஒட்டு விட்டது.

ஏறக்குறைய நாற்பது ஆண்டு கழித்துத்தான் விடை வந்தது. பிரான்சைச் சேர்ந்த ஆன் போலின் கிரெப்பேன் என்ற பெண்மணி பிளேடு முனைகளைப் பற்றவைக்கும் முறை ஒன்றைக் கண்டுபிடித்து 1846இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பாரிஸில் இருந்த பெரேன் நிறுவனம் அதைப் பயன்படுத்தும் உரிமையை அவரிடம் விலைக்கு வாங்கியது. நல்ல எஃகு, அதைப் பதப்படுத்தும் புதிய முறை, கிரெப்பேனின் பற்றவைப்பு மூன்றும் சேர்ந்த பிறகே நாம் அறிந்த பேண்ட் சா பிளேடு உருவானது. இயந்திர வரலாறு எழுதுபவர்கள் பெரேன் பெயரைப் பெரிதாகப் போடுகிறார்கள், அந்த அம்மாவுக்கு ஒரு வரி ஒதுக்குகிறார்கள். என்னைக் கேட்டால் வரிசையை மாற்றிப் போடுவேன்.

பிளேடு நிலைத்தபின் மில்காரர்கள் விடவில்லை. வட்ட ரம்பம் பெரிய மரத்தை அறுக்கும்போது ஒவ்வொரு அறுப்புக்கும் கால் அங்குல மரத்தைக்கூடத் தூளாக்கித் தள்ளும். பட்டை ரம்பம் அதில் பாதியோடு திருப்தி அடையும். ஒரு அடிமரத்தில் பத்து அறுப்பு என்றால் மிச்சம் ஒரு முழுப் பலகை. மேசை நாற்காலி செய்பவர்களுக்கு வேறு லாபம் கிடைத்தது. பட்டை ஒடுக்கமாக இருந்தால் ரம்பம் வளைவில் திரும்பும். நாற்காலிக் கால், கட்டில் தலைப்பக்கம், வளைந்த கைப்பிடி எல்லாம் அதில் வந்தன. 1930களில் மில்வாக்கியின் டெல்டா போன்ற நிறுவனங்கள் வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற அளவில் இதைச் செய்து விற்றன. ஆலைக்குள் கிடந்த ரம்பம் அமெரிக்க வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான்.

இவ்வளவு திறமைசாலி ரம்பத்துக்கு ஒரு குறை உண்டு. பலகையின் நடுவில் ஒரு ஓட்டை வேண்டும் என்றால் அதால் முடியாது. நூல்போன்ற பிளேடு வைத்த சிறு ரம்பம் என்றால், பலகையில் துளை போட்டு, பிளேடைக் கழற்றித் துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்டி அறுக்கலாம். பேண்ட் சா பிளேடு மூடிய வளையம். ஓரத்திலிருந்து வெட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். உள்ளே போனால் சுவர் அறுபடும். கிரெப்பேனின் ஒட்டு ரம்பத்துக்கு உயிர் கொடுத்தது, அந்த ஒட்டுதான் ரம்பத்தை வெளியே நிறுத்தியும் வைத்தது.

அறுபட்டால் படட்டும், பிறகு ஒட்டிக்கொள்ளலாம் என்று துணிந்ததில்தான் இந்தப் பெட்டி பிறந்தது. துணிவுக்குப் பின்னால் பசை இருந்தது. பழைய தச்சர்களின் பசை மாட்டுத்தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்தது. சூடாக இருக்கும்போதே பூச வேண்டும், ஈரம் பட்டால் இளகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் செயற்கை வெள்ளைப் பசை பரவியது. நம் ஊரில் 1959இல் வந்த ஃபெவிகால் அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். ரேகை ஓடும் போக்கிலேயே அறுத்த இரண்டு முகங்களை அதில் ஒட்டினால், பிறகு பிளக்கும்போது மரம் விட்டுக்கொடுக்கும், ஒட்டு விட்டுக்கொடுக்காது. ரம்பம் அறுத்த சுவரைப் பசை மூடிவிடும் என்ற நிலை வந்தபோது, மிச்சம் வேண்டியிருந்தது அதைச் செய்து பார்க்கும் ஒரு ஆள்.

மர வேலைக்காரர்கள் அந்த இடத்தில் சொல்லும் பெயர் ஆர்தர் எஸ்பெனே கார்ப்பென்டர். 1920இல் பிறந்தவர், டார்ட்மவுத் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவர், போர்க்காலத்தில் கடற்படையில் இருந்தவர். தச்சுக் குடும்பம் இல்லை, தச்சுப் பள்ளியும் இல்லை. 1940களின் இறுதியில் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் ஜேம்ஸ் பிரெஸ்டினி கடைந்த மரக் கிண்ணங்களைப் பார்த்தார். அதுவே பிழைப்பென்று முடிவுகட்டிக்கொண்டு சான்பிரான்சிஸ்கோவுக்குப் போய் ஒரு கடைசல் இயந்திரம் வாங்கினார். தச்சர் என்று பொருள்படும் குடும்பப் பெயரை வைத்துக்கொண்டு மர வேலை செய்தால் யார் நம்புவார்கள்? தொழிலில் எஸ்பெனே என்ற நடுப்பெயரையே முன்னால் வைத்தார்.

கிண்ணத்திலிருந்து நாற்காலிக்கும் மேசைக்கும் போனார். பிறகு கடலோரமாக இருக்கும் போலினாஸ் என்ற சிற்றூரில் வீட்டையும் பட்டறையையும் தானே கட்டிக் குடியேறினார். வெளியாட்கள் வந்து மொய்க்கக் கூடாது என்று நெடுஞ்சாலையில் ஊர்ப் பலகை வைத்தபோதெல்லாம் பிடுங்கி எறிந்தவர்கள் அவ்வூர்க்காரர்கள். அப்படிப்பட்ட ஊரில் அவரிடம் வேலை கற்க இளைஞர்கள் வழி கேட்டுக் கேட்டு வந்தார்கள்.

அவருடைய நாற்காலிகளும் மேசைகளும் இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஆனால் சாதாரணக் கொட்டகைத் தச்சனுக்கு அவர் விட்டுப்போனது இந்தப் பெட்டிதான். பொருளாதாரம் படித்த புத்தி என்று நினைக்கிறேன். இணைப்பு வேலையின் நுணுக்கத்தை அவர் வழிபடவில்லை. சீக்கிரம் செய்ய வேண்டும், நன்றாக இருக்க வேண்டும், ஜனங்கள் வாங்கும் விலையில் இருக்க வேண்டும். அதற்கு முன் உலகத்தில் யாரும் ஒரு கட்டையை இப்படி அறுத்ததே இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். இதை ஒரு வகையாக்கி, தெருவில் விட்ட கை அவருடையது. 1975இல் ஃபைன் வுட்வொர்க்கிங் பத்திரிகை தொடங்கிய பிறகு இப்படிப்பட்ட பட்டறை ரகசியங்கள் கொட்டகை கொட்டகையாகப் பரவின. 1980களில் இந்தப் பெட்டிக்கென்றே புத்தகம் வந்தது.

சரி, எப்படிச் செய்கிறார்கள்? வரிசைதான் இதில் வித்தை. நன்றாகக் காய்ந்த கட்டையை முதலில் வெளிவடிவத்துக்கு அறுப்பார்கள். அடுத்து முதுகுப்பக்கம் ஆறு மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு வில்லை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். இதை மறந்துவிட்டு இழுப்பறையை அறுத்தால் பெட்டிக்கு முதுகு கிடையாது, முன்னும் பின்னும் திறந்த குழாய்தான் மிஞ்சும். மூன்றாவது அறுப்பில் ரம்பம் பக்கவாட்டிலிருந்து ரேகையோடு ஒட்டி உள்ளே நுழைகிறது, இழுப்பறையின் வடிவத்தைச் சுற்றி வருகிறது, நுழைந்த இடத்துக்கே திரும்புகிறது. இங்கே மோட்டாரை நிறுத்திவிட்டுத்தான் கட்டையைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். ஓடும்போது இழுத்தால் பிளேடு சக்கரத்தை விட்டுக் கழன்றுவிடும்.

இப்போது கையில் ஒரு துண்டு இருக்கிறது. அதன் முகத்தையும் முதுகையும் வில்லையாக எடுத்துவிட்டு, நடுத்துண்டின் உள்ளே பள்ளமாக அறுத்து எறிந்து, வில்லைகளைத் திரும்ப ஒட்டினால் இழுப்பறை தயார். ரம்பம் தின்ற இரண்டு அறுப்பின் அளவுக்கு அது ஆழம் குறைந்திருக்கும். அதனால்தான் இந்தப் பெட்டிகளில் இழுப்பறையின் முகம் விளிம்பிலிருந்து ஒரு கோடு உள்வாங்கியே நிற்கிறது. அழகுக்காகச் செய்தது என்று பலர் நினைக்கிறார்கள். இழுப்பறை தடையில்லாமல் வழுக்கி வருவதும் அப்படித்தான், ரம்பம் தின்ற இடமே அதற்கு ஓடுபாதை. வளைவுகளுக்கும் காரணம் ரம்பம்தான். 6 மில்லிமீட்டர் பிளேடு 16 மில்லிமீட்டர் ஆரத்துக்குக் குறைந்து திரும்பாது. 3 மில்லிமீட்டர் பிளேடு 5 வரை மடங்கும். சதுர மூலை கேட்டால் எதுவும் தராது.

கடைசியில் நுழைந்த கீறலில் பசை விட்டு, கிளாம்ப் போட்டு இறுக்கி மூடி, காய்ந்தபின் முதுகு வில்லையை ஒட்டி, உப்புத்தாளால் தேய்ப்பார்கள். உள்ளே ரம்பத்தின் வரிகள் இருக்கும், கை நுழையாத இடம். அங்கே பசை பூசி வெல்வெட்டுபோன்ற பொடி இழையைத் தூவிவிடுவது வழக்கம். நகைப்பெட்டிக் களை வந்துவிடும், குற்றமும் மறையும்.

குறையைச் சொல்லாமல் விட்டால் நேர்மை ஆகாது. நண்பரின் பட்டறையில் வாகைக் கட்டையில் நான் செய்த முதல் பெட்டி இடுப்புயர மேசையிலிருந்து விழுந்து பக்கச் சுவரில் இரண்டாகப் பிளந்தது. ஒட்டு அப்படியே இருந்தது, மரம்தான் போயிற்று. கட்டையில் ரேகை இடமிருந்து வலமாக ஓடும். அடியிலும் மேற்புறத்திலும் அது நீளவாக்கில் இருப்பதால் பலம். பக்கச் சுவரிலோ அதே ரேகை சுவரின் கனத்துக்குக் குறுக்கே நிற்கிறது, கரும்பைக் கணு கணுவாகக் குறுக்கே நறுக்கி அடுக்கியதுபோல. தட்டினால் பிளக்கும். பலகை சேர்த்துச் செய்யும் பெட்டியில் நான்கு சுவரிலும் ரேகையைப் படுக்கவைக்க முடிகிறது. மூலை சேர்க்கும் பாட்டுக்கு அதுதான் கூலி. மூலையைத் தவிர்த்தவன் பலத்தில் கொஞ்சம் கொடுத்துத்தான் தீர வேண்டும். சுவரைத் தடிப்பாக விடலாம். ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி பல அடுக்குகளை ஒட்டிக் கட்டையாக்கியும் அறுக்கலாம். நான் இரண்டாவது தடவை சுவரை 12 மில்லிமீட்டர் விட்டேன். அது இன்னும் இருக்கிறது, சாவிகள் போட்டு வைத்திருக்கிறேன்.

எங்காவது கண்காட்சியிலோ நண்பர் வீட்டிலோ இப்படி ஒரு பெட்டி கைக்குக் கிடைத்தால் எல்லோரும் முதலில் இழுப்பறையைத்தான் இழுப்பார்கள். நீங்கள் அதைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் பக்கச் சுவரைப் பாருங்கள். ரேகைகளுக்கு நடுவே தலைமுடி கனத்தில், விளிம்பிலிருந்து உள்நோக்கி ஒரு கோடு போகும். ரம்பம் வீட்டுக்குள் வந்த வழி அது.