மூன்றாம் சக்கரம் சொல்லும் வரலாறு: மோர்கன் ஸ்போர்ட்ஸ் கார், 1909–1952

முன்னுரை

சீரமைத்த பழைய மோர்கன் மூன்று சக்கர வண்டி ஒன்று விற்பனைக்கு வந்தால், பார்ப்பவர் கண் முதலில் அதன் மூக்கில்தான் நிற்கும். கார்களில் மூடிக்குள் மறைந்திருக்கும் இன்ஜின் இங்கே வெட்டவெளியில், இரு சிலிண்டர்களையும் வி வடிவில் விரித்தபடி முன்னால் நிற்கிறது. முன்னே இரண்டு சக்கரங்கள்; கூம்பி இறங்கும் வாலுக்கடியில் ஒன்று. வரியை மிச்சம் பிடிக்கவே ஒரு சக்கரத்தைக் குறைத்தார்கள் என்ற விளக்கம் பரவலாக வழங்குகிறது. இவ்விளக்கம் பாதிதான் சரி. இவ்வண்டியை நெடுங்காலம் வாழவைத்ததில் வரிக்குப் பங்குண்டு. இதற்கு வடிவம் தந்தது எடை குறைந்த எளிய பொறியமைப்பு. இதை நிறுவுவதும், சீரமைப்பின்போது எதைக் காக்க வேண்டும் என்பதை அதன் வழியே சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றம்

ஹென்றி ஃபிரெடெரிக் ஸ்டான்லி மோர்கன் (1881–1959) இங்கிலாந்தின் ஹியர்ஃபோர்ட்ஷயரைச் சேர்ந்த பாதிரியாரின் மகன். ஸ்விண்டனில் இருந்த கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே பட்டறையில் தொழில் கற்றவர். பிறகு மால்வெர்ன் லிங்க்கில் கார் பட்டறை நடத்தினார். 1909இல் தம் சொந்த உபயோகத்துக்காக, பெஜோ இரட்டை சிலிண்டர் இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கை வண்டி ஒன்றைச் செய்யத் தொடங்கினார். மால்வெர்ன் கல்லூரியின் பொறியியல் ஆசிரியர் ஸ்டீபன்சன்-பீச் அதற்குக் கைகொடுத்தார். பார்த்தவர்கள் காட்டிய ஆர்வமே அதை விற்பனைப் பொருளாக்கியது.

1910 நவம்பரில் லண்டன் ஒலிம்பியா கண்காட்சிக்கு ஒற்றை இருக்கை வண்டிகள் வந்தன. பாராட்டு கிடைத்த அளவுக்கு ஆர்டர் கிடைக்கவில்லை. ஒருவர் மட்டுமே உட்காரக்கூடிய வண்டிக்குச் சந்தை சிறிது. 1911இல் இரண்டு இருக்கைகளுடன், திருப்புகோலுக்குப் பதில் ஸ்டீயரிங் சக்கரத்துடன் மறுவடிவம் வந்தது. ஹேரட்ஸ் அங்காடி அதைத் தன் காட்சிச் சாளரத்தில் வைத்து விற்றது. தந்தையின் பண உதவியும் சேர, 1912இல் மோர்கன் மோட்டார் கம்பெனி முறைப்படி பதிவாயிற்று.

பொறியமைப்பு

இயக்கும் சக்கரங்கள் இரண்டாக இருந்தால், வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அந்த வேறுபாட்டைச் சமன்செய்ய டிஃபரென்ஷியல் என்னும் கனமான பற்சக்கரத் தொகுதி தேவை. இயக்கும் சக்கரம் ஒன்றே என்றால் அத்தொகுதிக்கே வேலையில்லை. மோர்கனின் வடிவமைப்பு முழுதும் இந்த ஒரு முடிவிலிருந்து கிளைத்தது.

வண்டியின் நடுவே முதுகெலும்புபோல் ஒரு குழாய் ஓடுகிறது. இன்ஜினின் சுழற்சியைப் பின்னுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட் அதற்குள்ளேயே இருக்கிறது. தாங்கும் உறுப்பே உறையும் ஆகிறது. குழாயின் முடிவில் உள்ள பெவல் என்னும் சாய்பற்சக்கரப் பெட்டியிலிருந்து இரண்டு சங்கிலிகள் பின்சக்கரத்துக்குச் செல்கின்றன. இரண்டின் பற்சக்கர அளவுகளும் வேறு. ஒன்று ஏற்றத்துக்கு, மற்றது வேகத்துக்கு. சங்கிலிகள் எப்போதும் பூட்டியே இருக்கும். ஓட்டுநர் நெம்புகோலைத் தள்ளும்போது டாக் கிளட்ச் என்னும் பல் பூட்டு நகர்ந்து ஏதேனும் ஒரு சங்கிலியை மட்டும் இயக்கத்தில் இணைக்கும். இரண்டே கியர், பின்னோக்கிச் செல்லும் கியர் கிடையாது. ஆக்சிலரேட்டர் மிதியும் இல்லை. ஸ்டீயரிங் சக்கரத்தில் பொருத்திய சிறு நெம்புகோலை விரலால் நகர்த்தியே வேகத்தைக் கூட்டினார்கள்.

முன்சக்கரம் ஒவ்வொன்றும் செங்குத்தான தண்டு ஒன்றின் மீது, சுருள் ஸ்பிரிங் தாங்க, தனித்தனியே ஏறி இறங்கியது. ஒரு சக்கரம் குழியில் விழுந்தாலும் மற்றது நிலைகுலையாது. இத்தனை எளிமையும் சேர்ந்துதான் குறைந்த குதிரைத்திறனிலும் வேகத்தைத் தந்தது.

பந்தயக் களம்

1912 நவம்பரில் புரூக்லேண்ட்ஸ் ஓடுதளத்தில் மோர்கன் தாமே ஓட்டி ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 60 மைல் கடந்தார். அடுத்த ஆண்டு பிரான்சின் ஆமியேனில் சைக்கிள்கார் எனப்படும் எடை குறைந்த சிறு கார்களுக்கு நடந்த பந்தயத்தில் மக்மின்னீஸ் என்பவர் மோர்கனை ஓட்டி முதலாவதாக வந்தார்; கிராண்ட் ப்ரீ என்னும் மாடலின் பெயர் அவ்வெற்றியின் நினைவு. 1924இல் புரூக்லேண்ட்ஸில் வேர் என்பவர் ஓட்டிய மோர்கன் பெரும் விபத்துக்குள்ளானது. அதன்பின் நான்கு சக்கரக் கார்களோடு மூன்று சக்கர வண்டிகள் போட்டியிடத் தடை வந்தது. வேகத் தேடல் அத்துடன் ஓயவில்லை. 1927இல் தாழ்ந்த சேஸிஸுடன் சூப்பர் ஸ்போர்ட்ஸ் ஏரோ பிறந்தது. 1930இல் பிரான்சின் மோன்லேரி ஓடுதளத்தில் க்வெண்டா ஸ்டூவர்ட் என்ற பெண்மணி மோர்கனை மணிக்கு 110 மைலையும் தாண்டி ஓட்டிக் காட்டினார்.

வரியும் வீழ்ச்சியும்

1921 முதல் பிரிட்டனில் கார்களுக்குக் குதிரைத்திறன் ஒன்றுக்கு ஒரு பவுண்டு ஆண்டு வரி. 8 ஹண்ட்ரட்வெயிட், அதாவது ஏறத்தாழ 406 கிலோவுக்குட்பட்ட மூன்று சக்கர வண்டிக்கோ மொத்தமே 4 பவுண்டு. முதல் மோர்கன் உருவாகிப் பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த சலுகை இது. வடிவத்துக்கு அதைக் காரணமாக்குவது காலவரிசைக்கு ஒவ்வாது. 1922இல் ஆஸ்டின் செவன் என்ற மலிவான நான்கு சக்கரக் கார் வந்து மற்ற சைக்கிள்கார்களைச் சந்தையிலிருந்து துடைத்தபோது மோர்கன் தாக்குப்பிடித்ததில் இச்சலுகைக்குப் பங்குண்டு.

1931 இறுதியில் மூன்று கியரும் பின்னோக்கிய கியரும் ஒற்றைச் சங்கிலியும் வந்தன. 1933இல் ஃபோர்டு நான்கு சிலிண்டர் இன்ஜின் பொருத்திய எஃப் வகை வந்தது. 1935இல் கார் வரி குதிரைத்திறனுக்கு 15 ஷில்லிங்காகக் குறைந்ததால் மூன்று சக்கரத்தின் வரிச் சாதகம் சுருங்கியது; 1936இல் மோர்கனே நான்கு சக்கரக் காரை விற்கத் தொடங்கியது. கடைசி மூன்று சக்கர எஃப் வகை 1952இல் வெளிவந்தது.

சீரமைப்பு

இந்த வரலாறு விற்பனைக்கு வரும் ஒவ்வொரு வண்டியிலும் பதிந்திருக்கிறது. ஜேப், ஆன்சானி, மேட்ச்லெஸ் எனப் பல நிறுவனங்களின் இன்ஜின்களை வாங்கிப் பொருத்தியதால், பின்னாளில் இன்ஜினை மாற்றிவிடுவது எளிது. குடும்ப வண்டிகளின் மேற்கூட்டைக் கழற்றிவிட்டு ஏரோ வடிவில் புதுக்கூடு ஏற்றுவதும் உண்டு. ஸ்போர்ட்ஸ் வகைக்குக் கிராக்கி அதிகம். ஆகவே சேஸிஸ் எண், இன்ஜின் எண், பழைய பதிவு ஆவணம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் வகையைத் தீர்மானிக்கக் கூடாது.

தகட்டுக்கு உள்ளே உடலைத் தாங்குவது ஆஷ் மரச்சட்டம். உளுத்த சட்டத்தை மாற்றியே ஆக வேண்டும், அதில் தவறில்லை. எந்தத் துண்டு பழையது, எது புதியது என்று எழுதி வைக்காமல் விடுவதுதான் தவறு. ஓட்டுவதற்கு வசதி என்று இரண்டு சங்கிலி அமைப்பைத் தூக்கிவிட்டுப் பிற்கால மூன்று கியர் பெட்டியைப் பொருத்தினால், அவ்வண்டி 1910இன் சிந்தனையைச் சொல்லும் தகுதியை இழக்கிறது.

முடிவுரை

பின்சக்கரம் ஒன்றே ஆனதால் டிஃபரென்ஷியல் தேவையில்லை, அதனால் எடைக்குறைவு, அதனால் வேகம், பிற்பாடு அதே எடைக்குறைவால் வரிச் சலுகை என்ற வரிசையிலேயே மோர்கனின் வளர்ச்சி அமைகிறது. எனவே சீரமைத்த மோர்கனை மதிப்பிடுபவர் பெயிண்டின் மினுக்கத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், குனிந்து வாலுக்கடியில் உள்ள சங்கிலிகளை எண்ண வேண்டும். இரண்டு இருந்தால் ஸ்டான்லி மோர்கனின் முதல் தீர்வு இன்னும் அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது. அதைக் குலைக்காமல் அடுத்தவர் கையில் சேர்ப்பதே சீரமைப்பவரின் கடமை.