டெக்சஸ் ரேஞ்சர் படை

டெக்சஸ் மெக்சிகோவின் பகுதியாக இருந்த 1823-ஆம் ஆண்டில், அங்கே அமெரிக்கர்களைக் குடியமர்த்திய ஸ்டீபன் ஆஸ்டின், குடியிருப்புகளைக் காக்கப் பத்துப் பேரைச் சம்பளத்துக்கு வைக்க முன்வந்தார். ரேஞ்சர் படையின் வரலாறு அதிலிருந்து சொல்லப்படுகிறது. 1835-இல் மெக்சிகோவுக்கு எதிரான கிளர்ச்சி மூண்டபோது அது முறையான படையாயிற்று. அன்று காவல் என்று பெயர் பெற்ற வேலையில் பெரும்பங்கு, கொமாஞ்சி முதலிய பூர்வகுடிகளை அவர்களுடைய நிலத்திலிருந்து விரட்டியதே.

பின்னர் அமெரிக்க மாநிலமாகிவிட்ட டெக்சஸில், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பின் சட்டம் வேறு வழியில் நடக்க ஒரு வாய்ப்பு வந்தது. ஆளுநர் எட்மண்ட் டேவிஸ் 1870-இல் மாநிலக் காவல் படை ஒன்றை அமைத்தார். அதில் கறுப்பினத்தவரும் சேர்க்கப்பட்டனர். விடுதலை பெற்ற அடிமைகளை வெள்ளையர் கும்பல்களிடமிருந்து காப்பது அதன் கடமைகளில் ஒன்று. சட்டமன்றத்தில் எதிரணி வலுப்பெற்றதும், 1873-இல் ஆளுநரின் மறுப்பையும் மீறி அது கலைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, தலா 75 பேர் கொண்ட ஆறு பிரிவுகளாக ரேஞ்சர்களின் எல்லைப் படை உருவாயிற்று. ரேஞ்சர்களின் புகழ் பெரும்பாலும் இந்தக் காலத்தது. கொலைகாரன் ஜான் வெஸ்லி ஹார்டின் 1877-இல் பிடிபட்டான். ரயில் கொள்ளையன் சாம் பாஸ் 1878-இல் ரவுண்ட் ராக் ஊரில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் குண்டடிபட்டு இறந்தான்.

அந்தப் புகழ் மறைத்துவிட்ட பக்கம் 1910-களில் இருக்கிறது. மெக்சிகோவில் புரட்சி வெடித்து, எல்லைப் பண்ணைகள் சூறையாடப்பட்டபோது, ரேஞ்சர்களும் அவர்களோடு சேர்ந்த பண்ணைக்காரர்களும் மெக்சிகோ வம்சாவளியினரை விசாரணையின்றிக் கொன்றனர். 1918 ஜனவரி 28 அன்று போர்வெனீர் என்ற சிற்றூரில் 15 ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சிறுவர்களும் அவர்களில் அடக்கம். அவர்களுடைய பெயர்கள் அழியாமல் நிற்பதற்கு, அவற்றை எழுதி வைத்த ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஹாரி வாரன் முக்கியக் காரணம். உயிர் தப்பியவர்கள் ஊரை விட்டு மெக்சிகோவுக்குள் ஓடினர். ஐந்து ரேஞ்சர்கள் வேலை இழந்தார்கள், தளபதி பதவி விலகினார். எவரும் நீதிமன்றத்தில் தண்டிக்கப்படவில்லை.

இதைச் சட்டமன்றத்துக்குள் கொண்டுவந்தவர் பிரவுன்ஸ்வில் உறுப்பினர் ஹோசே கனாலெஸ். 1919-இல் படைமீது 19 குற்றச்சாட்டுகளைச் சுமத்தினார். பிராங்க் ஹேமர் என்ற ரேஞ்சர் தம்மை மிரட்டியதாகவும் முறையிட்டார். அதற்குப் பிறகும் அவர் விசாரணையைக் கைவிடாதது அரிய துணிவு. படையின் ஆள்பலம் குறைக்கப்பட்டது. சாட்சியங்களின் பதிவோ பல பத்தாண்டுகள் மக்கள் பார்வைக்கு வராமலே கிடந்தது. ஹேமருக்குப் பெரும்புகழ் பிறகுதான் வந்தது: படையை விட்டு விலகியபின், 1934-இல் லூசியானாவில் கொள்ளையர்களான போனி, கிளைடு இருவரையும் வீழ்த்திய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர்தான்.

1933-இல் ஆளுநராகப் பொறுப்பேற்ற மிரியம் ஃபெர்குசன், தேர்தலில் தம் எதிராளிக்குத் துணைநின்ற ரேஞ்சர்களைப் பணிநீக்கம் செய்து, அவ்விடங்களில் தம் ஆட்களை நியமித்தார். அரசியல் கையில் படை சிக்கியதால் சீர்திருத்தம் தவிர்க்க முடியாததாயிற்று. 1935-இல் மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை அமைந்து, ரேஞ்சர்களும் நெடுஞ்சாலைக் காவலரும் அதன்கீழ் வந்தனர். குற்றவியல் ஆய்வுக்கூடமும் பயிற்சியும் இதன்பின் வந்தவை.

ஆனாலும் எல்லைப் பகுதியில் பழைய வழக்கம் உடனே மாறிவிடவில்லை. 1966-67-இல் ஸ்டார் மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, ரேஞ்சர்கள் அவர்களைக் கைது செய்து மிரட்டினார்கள். காவலரின் அத்துமீறலுக்குக் கீழ்நீதிமன்றம் விதித்த தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974-இல் நிலைநிறுத்தியது.