ஹாம்ஸ்டர் கூண்டு: யாருடைய மூக்குக்குச் சுத்தம்?

"சுத்தம் சோறு போடும்"னு கேட்டு வளர்ந்தவங்க நாம. இந்தப் பழமொழி ஒரு குட்டி விலங்கு விஷயத்துல மட்டும் கொஞ்சம் ஏடாகூடமா வேலை செய்யுது. அந்த விலங்கு ஹாம்ஸ்டர். வாங்கின முதல் வாரத்திலேயே எல்லாருக்கும் வருகிற கேள்வி, "கூண்டை எத்தனை நாளைக்கு ஒரு தடவை கழுவணும்?" என்பதுதான். இதற்கான பதில் கடந்த 90 சொச்சம் வருடங்களில் பல தடவை மாறியிருக்கு. அந்தக் கதைதான் இன்றைக்கு.

கதை சிரியாவில் ஆரம்பிக்குது. ஆனால் அதற்கு முன்னாடி ஒரு நிமிஷம் நம்ம சென்னைக்கு வந்துட்டுப் போகணும். 1903-ல் மெட்ராஸ் அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டொனோவன் என்ற மருத்துவர் காலா அசார் என்கிற கருங்காய்ச்சலுக்குக் காரணமான ஒட்டுண்ணியைக் கண்டுபிடித்தார். அதே வருடம் வில்லியம் லீஷ்மன் என்பவரும் தனியாக அதைப் பற்றி எழுதியிருந்தார். அதனால் இரண்டு பேருடைய பெயரையும் சேர்த்து அதற்கு லீஷ்மேனியா டொனோவானி என்று பெயர் வைத்தார்கள்.

இந்த நோயை ஆராய்ந்துகொண்டிருந்தவர்களில் ஒருவர், ஜெருசலேம் ஹீப்ரு பல்கலைக்கழகத்தில் இருந்த சால் ஆட்லர். ஆராய்ச்சிக்கு அவர் சீன ஹாம்ஸ்டர்களைப் பயன்படுத்தினார். அவை கூண்டுக்குள் குட்டி போடவே இல்லை. ஒவ்வொரு தடவையும் சீனாவில் இருந்து வரவழைப்பது பெரிய தலைவலி. பக்கத்திலேயே ஏதாவது ஹாம்ஸ்டர் கிடைக்குமா என்று விலங்கியலாளர் இஸ்ரேல் அகரோனியிடம் கேட்டார்.

1930 ஏப்ரலில் அலெப்போ பக்கம் ஒரு வயலைத் தோண்டினார்கள். ஆழத்தில் ஒரு தாயும் 11 குட்டிகளும் இருந்தன. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டார்கள். தாய் தன் குட்டிகளில் ஒன்றைக் கடித்துக் கொன்றது. மற்ற குட்டிகளைக் காப்பாற்ற தாயைக் கொல்ல வேண்டியதாயிற்று.

கேட்கவே கஷ்டமா இருக்கு, இல்லையா? இந்தக் காட்சியை மனசுல வெச்சுக்கோங்க. கூட்டைக் கலைத்தால் தாய் ஹாம்ஸ்டர் என்ன செய்யும் என்பதற்கான முதல் பாடம், வீட்டு ஹாம்ஸ்டர் வரலாற்றின் முதல் நாளிலேயே கிடைத்துவிட்டது. அதை யாரும் பாடமாக எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மிச்சமிருந்த 10 குட்டிகளில் ஒன்று தப்பித்துப் போனது. 9 குட்டிகள் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தன. அங்கே வைத்திருந்த கூண்டின் தரை மரம். ராத்திரியோடு ராத்திரியாக 5 குட்டிகள் அதைக் கொறித்துத் துளைபோட்டு வெளியேறிச் செத்துப்போயின. மிஞ்சியவை வெறும் 4. ஆனால் அந்த நாலில் இருந்து ஒரே வருடத்தில் சுமார் 150 ஹாம்ஸ்டர்கள்! 1931-ல் ஆட்லர் சிலவற்றைத் தன் கோட்டுப் பாக்கெட்டில் வைத்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார் என்று சொல்வார்கள். இன்று உலகத்தில் செல்லமாக வளர்க்கப்படும் தங்கநிற ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரே குடும்பத்தின் வாரிசுகள்தான்.

மரத்திலிருந்து பிளாஸ்டிக்குக்கு

மரக்கூண்டில் இன்னொரு பிரச்சினையும் இருந்தது. மரம் சிறுநீரை உறிஞ்சிக்கொள்ளும். பாக்டீரியாக்கள் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைக்கும்போது அம்மோனியா வரும். கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கிற அந்த வாடை மரத்தில் ஏறிவிட்டால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அதனால் ஆய்வுக்கூடங்கள் உலோகத்துக்கும், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பிளாஸ்டிக்குக்கும் மாறின. கொறிக்கவும் முடியாது, கொதிக்கிற தண்ணீரில் கழுவவும் செய்யலாம்.

விதிகளும் எழுத்தில் வர ஆரம்பித்தன. பிரிட்டனில் 1947-ல் ஆய்வுக்கூட விலங்குப் பராமரிப்புக்கு ஒரு கையேடு வந்தது. அமெரிக்காவில் 1963-ல் இன்னொரு வழிகாட்டி. ஆய்வுக்கூடத்தின் நியாயம் தெளிவானது. ஒரு கூண்டின் நோய் அடுத்த கூண்டுக்குத் தாவக்கூடாது. எல்லா விலங்குகளும் ஒரே மாதிரியான சூழலில் இருக்கணும். அதனால் குறிப்பிட்ட நாளில் எல்லாவற்றையும் கொட்டு, கழுவு, புதுசாப் போடு.

1940-களின் கடைசியில் அமெரிக்காவில் ஹாம்ஸ்டர் வளர்ப்பு ஒரு வீட்டுத் தொழிலாகப் பரவியது. அலபாமாவைச் சேர்ந்த ஆல்பர்ட் மார்ஷ் பத்திரிகை விளம்பரங்கள் மூலமாகவே ஆயிரக்கணக்கானவர்களை இதற்குள் இழுத்தார். ஹாம்ஸ்டர் வீட்டுக்குள் வந்தபோது ஆய்வுக்கூடத்தின் பழக்கமும் கூடவே வந்துவிட்டது: சின்னப் பெட்டி, ஒரு கைப்பிடி மரச்சீவல், வாரம் ஒரு தடவை மொத்தமாகக் கழுவல். நூற்றுக்கணக்கான கூண்டுகள் இருக்கிற இடத்துக்காக எழுதின விதி, ஒரே ஒரு ஹாம்ஸ்டர் இருக்கிற வீட்டுக்கும் விதியாகிப்போச்சு.

வாசனைக்குப் பின்னால்

அந்த மரச்சீவலிலும் ஒரு ட்விஸ்ட். சிடார், பைன் மரச்சீவல்கள் ரொம்பப் பிரபலம், ஏன்னா கமகமன்னு வாசனை. கூண்டின் நாற்றத்தை அது மறைத்துவிடும். 1967-ல் எலியட் வெசல் என்ற ஆராய்ச்சியாளர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இந்த மாதிரி மரச்சீவல் மேல் வளர்ந்த எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் தூக்க மருந்து கொடுத்தால், அவை வழக்கத்தைவிடச் சீக்கிரம் எழுந்துவிட்டன. காரணம், மருந்தைச் சிதைக்கும் கல்லீரல் நொதிகள் அதிகமாகியிருந்தன. நமக்கு 'ஃப்ரெஷ்' என்று தோன்றிய வாசனை, அந்த உயிர்களின் கல்லீரல் வரைக்கும் போய் வேலை செய்துகொண்டிருந்தது. வாசனை இல்லாத காகிதத் துகள், ஆஸ்பென் மரச்சீவல் பக்கம் இன்று பலரும் போவதற்கு இந்த மாதிரி ஆராய்ச்சிகளும் ஒரு காரணம்.

மண்ணுக்கடியில் ஒரு வீடு

சரி, மனிதன் தலையிடாத இடத்தில் ஹாம்ஸ்டர் எப்படி வாழுது? இதை யாரும் ஒழுங்காகப் பார்த்ததே 1990-களின் கடைசியில்தான். ஜெர்மன் ஆராய்ச்சியாளர் ரால்ஃப் காட்டர்மனின் குழு சிரியாவுக்கும் துருக்கி எல்லைக்கும் போய் 30 வளைகளை ஆராய்ந்து, 2001-ல் முடிவுகளை வெளியிட்டது. வளைகளின் சராசரி ஆழம் 65 சென்டிமீட்டர். எந்த வளையிலும் ஒன்றுக்கு மேற்பட்ட பெரிய ஹாம்ஸ்டர் இல்லை. படுக்க ஓர் அறை, தானியம் சேர்க்க ஓர் அறை. சிறுநீர் கழிக்கத் தனியாக ஒரு முட்டுச்சந்து!

யோசிச்சுப் பாருங்க. படுக்கையறை, சரக்கறை, கழிப்பறை என்று தானே பிரித்து வைத்துக்கொள்கிற விலங்கு இது. கூண்டிலும் பெரும்பாலும் ஒரு மூலையைத்தான் கழிப்பறையாக வைத்துக்கொள்ளும். இதன் விலாவில் இரண்டு பக்கமும் வாசனைச் சுரப்பிகள் உண்டு. அவற்றை உரசி உரசித்தான் "இது என் இடம்" என்று முத்திரை போடும். பார்வை சுமார்தான், அதன் உலகமே மோப்பம். வாரா வாரம் கூண்டை மொத்தமாகக் கழுவி டெட்டால் அடித்தால், நமக்குச் சுத்தமான வீடு. அதற்கோ, முன்பின் தெரியாத ஊரில் இறக்கிவிட்ட மாதிரி. குட்டி போட்டிருக்கும் தாய்க்கு இந்தக் கலவரம் தாங்காது. 1930-ல் அந்தப் பெட்டிக்குள் நடந்தது திரும்பவும் நடக்கலாம்.

2006-ல் சுவிட்சர்லாந்தில் இருந்து இன்னொரு ஆய்வு வந்தது. 10, 40, 80 சென்டிமீட்டர் ஆழத்துக்குப் படுக்கைத் துகள் போட்டுப் பார்த்தார்கள். 10 சென்டிமீட்டரில் இருந்தவை கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தன. 80 சென்டிமீட்டரில் ஒன்றுகூடக் கம்பியைக் கடிக்கவில்லை. இந்த முடிவு சுத்தம் செய்கிற முறையையே மாற்றிவிடுது. அவ்வளவு ஆழமான துகளை வாரா வாரம் கொட்ட முடியுமா? பணமும் போதாது, உள்ளே அது கட்டிய சுரங்கமும் போய்விடும். ஆகவே, ஈரமான மூலையை மட்டும் தினமும் அள்ளு, அழுகுகிற காய்கறியை எடு, மாற்றும்போது பழைய துகளில் கொஞ்சம் மிச்சம் வை என்கிற முறை வந்தது.

அப்போ கழுவவே வேண்டாமா?

அப்படிச் சொல்லிட முடியாது. 2005-ல் அமெரிக்காவில் ஒரே கொடையாளரின் உறுப்புகளைப் பெற்ற 4 பேருக்கு எல்சிஎம் என்ற வைரஸ் தொற்றியது. 3 பேர் இறந்துபோனார்கள். கொடையாளரின் வீட்டில் இருந்த ஒரு ஹாம்ஸ்டருக்கு அந்த வைரஸ் இருந்தது தெரியவந்தது. இது மிக அபூர்வம், பயந்து ஓட வேண்டாம். ஆனால் கூண்டைத் தொட்டபின் சோப்பு போட்டுக் கை கழுவுங்க. கூண்டைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீங்க. வீட்டில் கர்ப்பிணிகளோ எதிர்ப்புச்சக்தி குறைந்தவர்களோ இருந்தால் இந்த வேலையை அவர்கள் செய்ய வேண்டாம். ஹாம்ஸ்டர் கழிச்சலோடு வால் நனைந்து சோர்ந்து கிடந்தால், அது தொற்றாக இருக்கலாம். அப்போ உடனே கால்நடை மருத்துவரைப் பாருங்க. கூண்டையும் முழுசாகத்தான் கழுவணும்.

ஆக, சுத்தம் வேண்டாம்னு இந்த வரலாறு சொல்லலை. யாருக்கான சுத்தம்னு கேட்கச் சொல்லுது. ஈரத்தை எடுங்க, அம்மோனியா வாடை வராமப் பார்த்துக்கோங்க. ஆனா அது தன் வாசனையால எழுதி வெச்ச முகவரியை மொத்தமா அழிச்சுடாதீங்க. இன்று ராத்திரி விளக்கை அணைத்ததும் உங்க வீட்டுக் கூண்டில் சலசலன்னு சத்தம் கேட்டால், அலெப்போ வயலுக்கடியில் தோண்டின அதே வேலையைத்தான் அந்தக் குடும்பம் இன்னும் செய்துகொண்டிருக்கு. தோண்டுறதுக்கு ஆழமா இடம் கொடுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.