சிறையைச் சுற்றி மண்: 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' படத்தின் ஒரு காட்சி குறித்து

'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' (2005–2008) அனிமேஷன் தொடரின் முதல் பருவத்தை எம். நைட் ஷியாமளன் 2010இல் திரைப்படமாக்கினார். அது ஏன் தோற்றது என்பதற்கு அடிக்கடி சொல்லப்படும் ஒரு விடை உண்டு: 20 அத்தியாயங்களை 103 நிமிடங்களில் அடைத்த நெருக்கடி. சுருக்கம் படத்தைக் காயப்படுத்தியது உண்மைதான். ஆனால் கூடுதலாக ஒரு நிமிடமும் செலவழிக்காமல் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒன்றையும் படம் கைவிட்டது. அதைச் சுருக்கத்தின் கணக்கில் எழுத முடியாது.

நான் சுட்டுவது, மண்ணை அசைத்துப் போரிட வல்ல மண்வித்தையரை நெருப்பு நாடு அடைத்துவைத்திருக்கும் சிறைக் காட்சியை. தொடரின் ஆறாம் அத்தியாயத்தில் அவர்கள் கடல் நடுவே உலோக மேடையொன்றில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு பிடி மண் இல்லை. படத்திலோ சிறை தரையில் இருக்கிறது. காவலர் நடுவே, மண்ணின் மீதே, மண்ணை ஆள வல்லவர்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள். காலடியில் மண் இருப்பதைக் கதைநாயகனான சிறுவன் ஆங் நினைவூட்டியதும் கலகம் மூள்கிறது.

இம்மாற்றத்துக்கு ஆதரவாக ஒரு வாசிப்பு உண்டு. சிறையைத் தரைக்குக் கொண்டுவந்ததால் உலோகம் விலகி, அச்சமே சுவராகிறது; ஒடுக்குமுறை மனத்தில் குடியேறியதைப் படம் காட்டுகிறது என்பார்கள். கவர்ச்சியான வாசிப்பு, எளிதில் தள்ளிவிடக் கூடாது. ஆனால் அது தொடரைச் சரியாகப் பார்க்கவில்லை. அங்கே ஆங்கின் தோழி கட்டாரா எழுச்சியுரை ஆற்றுகிறாள், எவரும் அசையவில்லை. காற்றுக்குழாய் வழியே நிலக்கரி மலைபோல் வந்து குவிந்த பிறகும் அசையவில்லை. சிறை அதிகாரி எள்ளிவிட்டுத் திரும்பும்போது இளம் மண்வித்தையன் ஹாரு எறியும் ஒரு கரித்துண்டு அவர் தலையில் பட்ட பிறகே நிலைமை மாறுகிறது. ஆக, அச்சம் என்னும் பூட்டு தொடரிலேயே இருக்கிறது. பொருளின்மை என்னும் முதல் பூட்டு திறந்ததனால்தான் இரண்டாவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. படம் முதல் பூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, இரண்டாவதை ஓர் அறிவுரையால் திறக்கிறது. (நிலக்கரி மண்ணாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. தொடர் ஆகும் என்கிறது, அது போதும்.)

இதோடு இன்னொரு மாற்றத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டையும் தனித்தனிப் பிழைகளாகப் பட்டியலிடுவதே வழக்கமாக இருந்துவந்திருக்கிறது. தொடரில் நெருப்பு நாட்டின் தீவித்தையர் தம் மூச்சிலிருந்தே நெருப்பை எழுப்புவர். படத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் எரியும் நெருப்பு வேண்டும். அவர்களுள் ஒருவரான ஐரோ வெறுங்கையில் தீ எழுப்புவது அங்கே வியப்புக்குரிய நிகழ்வு. தொடரில் நெருப்பு நாடு போரில் மேலோங்கியதற்கான தர்க்கம் இங்கேதான் இருக்கிறது: ஆயுதம் அவர்களின் உடலுக்குள், மற்றவர்களுக்கோ வெளியே. நீரிலிருந்தோ மண்ணிலிருந்தோ பிரித்துவிட்டால் எதிரி வெறும் ஆள். கடல்சிறை அந்தத் தர்க்கத்தின் கட்டடம். படம் இதைத் தலைகீழாக்கியது. தீப்பந்தத்தை நம்பியிருப்பவர்கள், ஆயுதத்தின் மேலேயே நிற்பவர்களைக் காவல் காக்கிறார்கள். வென்றவர்கள் எப்படி வென்றார்கள் என்று பார்வையாளருக்குப் புரியாமல் போவதில் வியப்பில்லை.

படத்தின் அந்தச் சிறைக் கலகத்தில் பல மண்வித்தையர் சேர்ந்து நீண்ட அசைவுகள் செய்தபின் ஒரு சிறு பாறை மெல்ல மிதந்து போவதை ரசிகர்கள் இன்றும் கேலி செய்கிறார்கள். வரைகலையின் வறுமை என்று அதை ஒதுக்குவது பொருந்தாது. தொடரில் மண்வித்தை ஹுங் கா என்னும் தென்சீனப் போர்க்கலையை ஒட்டியது. கால் ஊன்றும் கணத்திலேயே பாறை எழும். அசைவுக்கும் விளைவுக்கும் இடையே படம் விட்ட இடைவெளியும், சிறையை மண்ணில் வைத்த முடிவும் ஒரே அலட்சியத்தின் இரு முகங்கள்.

நடிகர் தேர்வில் இனம் பற்றி எழுந்த கண்டனம் நியாயமானது, ஆனால் தனி விவாதம். மூன்று மாற்றங்களிலிருந்து தழுவலுக்கே பொதுவிதி வகுப்பது துணிச்சல் என்பதையும், இயக்குநர் இவற்றை எண்ணிச் செய்தாரா என்பதைப் படத்தை மட்டும் வைத்துத் தீர்க்க இயலாது என்பதையும் ஏற்கிறேன். ஆயினும் இதே 103 நிமிடங்களில், சிறையைக் கடலுக்கும் நெருப்பை மூச்சுக்கும் திருப்பியிருந்தால், நெரிசலான படமாக இருந்திருக்கும். பொருளற்ற படமாக இருந்திருக்காது.