ஆறு நாள் ரோட்டில் - ஒரு லாரிப் பாட்டின் கணக்கு

போன மாதம் கடன் கொடுத்த வண்டி ஒன்றைப் பார்க்க நாக்பூருக்கு வெளியே ஹைவே பக்கம் போயிருந்தேன். தாபாவில் ஒரு நாமக்கல் லாரி நின்றது. தமிழ் கேட்டு எத்தனை நாளாச்சோ, டிரைவரிடம் நானாகவே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். "வீட்டை விட்டுக் கிளம்பி பதினேழு நாளாச்சுங்க சார். இன்னிக்கு ராத்திரி நிறுத்தாம போயிட்டா ஒரு நாள் மிச்சம்" என்றார். வீட்டுக்கு வந்தும் அந்த "ஒரு நாள் மிச்சம்" மனதை விட்டுப் போகவில்லை. அப்போது ஞாபகம் வந்ததுதான் இந்த அமெரிக்கப் பாட்டு.

பெயர் 'சிக்ஸ் டேஸ் ஆன் தி ரோடு'. டேவ் டட்லி பாடி 1963-ல் வெளிவந்தது. அமெரிக்க கிராமியப் பாட்டுகளின் பில்போர்டு பட்டியலில் 2-ஆம் இடம், பொதுப் பட்டியலிலேயே 32-ஆம் இடம். லாரிக்காரனைப் பற்றி அதற்கு முன்பும் பாட்டு உண்டு (டெட் டாஃபன் எழுதிய 'டிரக் டிரைவர்ஸ் ப்ளூஸ்' 1939-லேயே வந்துவிட்டது). ஆனால் லாரிப் பாட்டு என்று தனி வகையே கிளம்பியது டட்லிக்குப் பிறகுதான். டட்லி முதலில் பேஸ்பால் ஆட்டக்காரர். கையில் அடிபட்டு ஆட்டம் போய், ரேடியோவுக்கும் பாட்டுக்கும் வந்தவர். 1960-ல் கச்சேரி முடிந்து கிதாரை வண்டியில் வைக்கும்போது கார் மோதி மாதக்கணக்கில் படுத்தவர். எழுதிய ஏர்ல் கிரீன், கார்ல் மாண்ட்கோமரி இருவரும் அலபாமாவில் நிஜமாகவே லாரி ஓட்டியவர்கள். அது பாட்டில் தெரிகிறது.

பாட்டின் கதை இவ்வளவுதான். பிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பியவன், ஆறு நாளாக ரோட்டில், இன்று ராத்திரி வீட்டுக்குப் போயே தீருவேன் என்கிறான். லோடு கொஞ்சம் அதிகம். எடை மேடைக்குத் தெரியாமல் தப்ப வேண்டும். தூக்கம் வராமலிருக்க வெள்ளை மாத்திரை. லாக் புக் எழுதி நாளாகிவிட்டது. வழியில் ஐ.சி.சி. சோதனை வேறு. (கிரிக்கெட் இல்லை சாமி! மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்கை மேற்பார்த்த மத்திய ஆணையம்.)

வங்கிக்காரன் புத்தி போகுமா? லாக் புக் என்றதும் காது விடைத்துக்கொண்டது. 1935-ல் வந்த மோட்டார் கேரியர் சட்டம்தான் லாரிகளை ஐ.சி.சி.யின் கீழ் கொண்டுவந்தது. அது போட்ட விதிகளில் முக்கியமானவை இரண்டு. ஒரே மூச்சில் ஓட்டுவது 10 மணி நேரத்துக்கு மேல் கூடாது. 7 நாளில் மொத்த வேலை 60 மணியைத் தாண்டக் கூடாது (தினமும் வண்டி ஓடும் கம்பெனிக்கு 8 நாளில் 70). இப்போது கூட்டிப் பாருங்கள். நாளுக்குப் பத்து வீதம் ஆறு நாள், சரியாக அறுபது! ஒழுங்காக எழுதியிருந்தால் ஏழாம் நாள் வண்டியை ஓரம்கட்டி எங்கேயாவது படுக்க வேண்டியதுதான். வீடு இன்னும் சில மணி தூரத்தில் இருக்கும்போது யார் படுப்பார்கள்? அதனால்தான் நோட்டு பின்தங்கி நிற்கிறது.

இது டிரைவரின் திருட்டுத்தனம் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பெரும்பாலும் கூலி மைல் கணக்கில். லோடு ஏற்றக் காத்திருந்த நேரத்துக்குப் பல இடங்களில் காசு கிடையாது. 1938-ல் வந்த சம்பளச் சட்டமோ, மாநிலம் தாண்டி ஓட்டும் டிரைவருக்கு ஓவர்டைம் தர வேண்டாம் என்று விலக்கி வைத்துவிட்டது. ஓட்டாதே என்று ஒரு சட்டம், ஓட்டினால்தான் சாப்பாடு என்று ஒரு கூலிமுறை. நடுவில் அவன் கையாலேயே எழுதும் நோட்டு. டிரைவர்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் 'காமிக் புக்'. எங்கள் ஆடிட்டர்கள் கேட்டால் மயங்கி விழுவார்கள்.

எத்தனை பேர் தூக்கத்தில் மோதிச் செத்திருப்பார்கள் என்று நினைத்தால் பாட்டின் உற்சாகம் கொஞ்சம் உறுத்துகிறது. ஆனாலும் தாளத்தைக் கேட்டால் கால் ஆடத்தான் செய்கிறது, என்ன செய்ய.

நம் ஊரிலும் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று சொல்லிவிட்டது. நாமக்கல்காரரிடம் அதைச் சொன்னேன். சிரித்துவிட்டு டீயைக் குடித்தார்.

டட்லி 2003-ல் காலமானார். ஐ.சி.சி. அதற்கும் முன்பே, 1995-ல் மூடப்பட்டது. 2017 டிசம்பரிலிருந்து அங்கே பெரும்பாலான லாரிகளில் நோட்டுக்குப் பதில் எஞ்சினோடு இணைத்த மின்னணுக் கருவி. வண்டி ஓடினால் அதுவே எழுதிக்கொள்ளும். 2000-க்கு முந்தைய எஞ்சினுக்கு விலக்கு உண்டு. அதாவது பாட்டில் வரும் அந்தப் பழைய வண்டி இன்றும் ஓடினால், அவன் தன் காமிக் புக்கைத் தானே எழுதலாம்.