படைவீரர் இயலாமை ஓய்வூதியம்

படைப்பணியால் உண்டான அல்லது படைப்பணியால் முற்றிய காயத்துக்கும் நோய்க்கும் இந்திய அரசு மாதந்தோறும் வழங்கும் தொகை இது. இதில் இரண்டு கூறுகள் உண்டு. உழைத்த காலத்துக்கானது பணிக்கூறு. உடல் இழந்ததற்கானது இயலாமைக்கூறு. 2023 செப்டம்பர் 21க்கு முன் முழுப் பணிக்காலத்தையும் முடித்து வந்தவருக்கு வழக்கமான ஓய்வூதியத்தோடு இயலாமைக்கூறும் சேர்ந்து வரும். சேலம், நாமக்கல் பக்கத்து முன்னாள் படைவீரர்கள் இதை ‘டிஸெபிலிட்டி பென்ஷன்’ என்றே சொல்வார்கள்.

ஒருவரே ஓய்வூதியம், ஊனத்துக்கான தொகை இரண்டையும் வாங்கலாமா என்ற கேள்விக்கு நாடுகள் ஒரே விடை சொல்லவில்லை. அமெரிக்கா 1891இல் சட்டம் போட்டு இதைத் தடுத்தது. அங்கே ஊனத்துக்கான தொகை எவ்வளவோ, அவ்வளவும் ஓய்வூதியத்தில் கழிக்கப்பட்டது. 20 ஆண்டு பணி முடித்து, 50 சதவீதத்துக்குக் குறையாத இயலாமையும் உள்ளவர்களுக்கு 2004 முதல்தான் அந்தப் பிடித்தம் படிப்படியாக விலக்கப்பட்டது. இந்தியாவில் அப்படியொரு பொதுத்தடை இல்லை. இங்கே வழக்குகள் எல்லாம் யாருக்குக் கொடுப்பது, எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவது என்பதைச் சுற்றியே நடந்தன.

விதிகள்

1961ஆம் ஆண்டின் ராணுவ ஓய்வூதிய ஒழுங்குமுறைகள் இரண்டு நிபந்தனைகளை வைத்தன. நோய் பணியோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும். மருத்துவக் குழு அதை 20 சதவீதத்துக்குக் குறையாமல் மதிப்பிட வேண்டும். சாதாரண ஓய்வூதியத்துக்கு ஜவான் 15 ஆண்டும் அதிகாரி 20 ஆண்டும் பணியாற்றியிருக்க வேண்டும். பணியால் வந்த ஊனத்தால் இடையில் அனுப்பப்பட்டவருக்கு இந்தக் கால வரம்பு இல்லை.

பாதுகாப்பு அமைச்சகத்தின் 31 ஜனவரி 2001 ஆணை சதவீதங்களைப் படிநிலைகளாகத் தொகுத்தது. 50க்குக் குறைந்தது 50 ஆகவும், 50 முதல் 75 வரை 75 ஆகவும், அதற்கு மேற்பட்டது 100 ஆகவும் கொள்ளப்பட்டது. 1996 தொடக்கத்திலிருந்து கணக்கான இந்தச் சலுகை, மருத்துவக் காரணத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் என்று அமைச்சகம் கருதியது. 2009இல் வந்த இன்னோர் ஆணை, ஊனத்தோடு பணியில் நீடித்து 2006க்குப் பின் விருப்ப ஓய்வு பெற்றவர்களுக்கும் இயலாமைக்கூறைத் திறந்துவிட்டது.

ஆறாவது ஊதியக்குழுவுக்குப் பின், 100 சதவீத இயலாமைக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. கடைசியாக 40,000 ரூபாய் வாங்கி ஓய்வுபெற்ற ஒருவரை எடுத்துக்கொண்டால், அவருடைய ஓய்வூதியம் 20,000. இயலாமை 20 சதவீதம்தான் என்றாலும் அது 50 ஆகக் கொள்ளப்பட்டால் இன்னும் 6,000 கூடும். அகவிலை நிவாரணம் தனி. போர்க்களக் காயத்துக்கு விகிதம் இதைவிட அதிகம்.

நீதிமன்றங்கள்

தரம்வீர் சிங் 1985இல் சிக்னல்ஸ் பிரிவில் சேர்ந்தவர். வலிப்பு நோயால் 1994இல் 20 சதவீத இயலாமையோடு வெளியே அனுப்பப்பட்டார். நோய் பணியால் வந்ததல்ல என்று ஓய்வூதியம் மறுக்கப்பட்டது. 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சேரும்போது மருத்துவக் குறிப்பில் பதிவாகாத நோய், பணிக்காலத்தில் வந்ததாகவே கருதப்படும். அப்படி இல்லை என்று நிறுவ வேண்டியது அரசின் பொறுப்பு என்றது தீர்ப்பு.

அடுத்து வந்தது ராம் அவதார் வழக்கு. 2014 டிசம்பர் 10 அன்று அரசின் நூற்றுக்கணக்கான மேல்முறையீடுகளை நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வயது முடிந்து ஓய்வுபெற்றவருக்கும் 2001 ஆணையின் சதவீத உயர்வு உண்டு என்பது அதோடு உறுதியானது.

சேலம், நாமக்கல்லில்

ஜவான்கள் பெரும்பாலும் நாற்பது வயதையொட்டி ஊர் திரும்பிவிடுகிறார்கள். அதனால் அவர்களுக்கு மேலே கணக்கிட்ட 6,000 ரூபாய் போன்ற தொகை முப்பது, நாற்பது ஆண்டுக்கான வருமானம். ஓய்வின்போது கூடும் மருத்துவக் குழுவின் ‘ரிலீஸ் மெடிக்கல் போர்டு’ தாளில், நோய் பணியோடு தொடர்புடையதா என்று எழுதப்படும் ஒரு சொல் அத்தனை ஆண்டுகளையும் தீர்மானிக்கிறது. மறுக்கப்பட்டவர் துறைக்குள் இரண்டு முறை மேல்முறையீடு செய்யலாம். அதன்பின் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வை நாட வேண்டும். தீர்ப்பாயம் வருவதற்குமுன் உயர் நீதிமன்றம்தான் வழியாக இருந்தது. மனு எழுதவும் ஆவணம் சரிபார்க்கவும் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் உதவுகின்றன. ஒருகாலத்தில் அலகாபாத் கணக்கு அலுவலகத்திலிருந்து ‘பி.பி.ஓ.’ எனும் ஓய்வூதிய ஆணை வரும், வங்கி பணம் தரும். இப்போது எல்லாம் ‘ஸ்பர்ஷ்’ இணையவழியில் நடக்கிறது.

வரியும் புதிய விதிகளும்

2019 ஜூன் 24 அன்று மத்திய நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை விட்டது. இயலாமை ஓய்வூதியத்தில் மருத்துவக் காரணத்தால் அனுப்பப்பட்டவருக்கு மட்டுமே வரிவிலக்கு, முழுப்பணி முடித்தவருக்கு இல்லை என்றது அது. அதே ஆண்டு ஆகஸ்டில், இரு தரப்பாருக்கும் வரிவிலக்கு இருந்த பழைய நிலையே தொடர உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய உரிமை விதிகள் நடைமுறைக்கு வந்தன. பணிக்காலம் முடித்து வெளியேறுபவருக்கு இயலாமைக்கூறு என்ற பெயர் நீக்கப்பட்டு, ‘உடற்குறை நிவாரணம்’ என்ற தனி வகை ஏற்படுத்தப்பட்டது. பெயரோடு உரிமையும் தேய்ந்துவிடும் என்று முன்னாள் படைவீரர் அமைப்புகள் எதிர்த்தன. அந்தத் தேதிக்கு முன் வெளியேறியவர்களுக்குப் பழைய விதிகளே தொடர்கின்றன. ஆகவே ஒரே ஊரில் ஒரே நோயோடு ஓய்வுபெற்ற இரண்டு பேர், வெளியேறிய தேதியைப் பொறுத்து, வெவ்வேறு விதிகளின்கீழ் வருகிறார்கள்.